இதுக்கு யாரு சம்மாட்டி?

2025 யூன் 9, திங்கள்

கடையில் இன்று முழுக்க அடையாள அட்டைப் படிவங்கள். போட்டோக் கொப்பி மெசின் இரண்டு தரம் கடதாசியை விழுங்கியது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, வழக்கம் போல இவருடைய வீடியோச் சனலைத் திறந்தேன். இவர், என்ர மனுசன் ரஜீவன், செத்துப் போய் ஐந்து மாதம். பின்னேரத்தில் ஒரு வீடியோ பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சனல் இருந்த இடத்தில் ஏதோ சூதாட்ட விளம்பரம். பெயரும் மாறிவிட்டது. இவர் போட்ட வீடியோ, படகு மோட்டர் திருத்துவது எப்படி என்று எங்கள் வளவுக் கொட்டிலில் நின்று சொல்லித் தந்தது, ஒன்றுகூட இல்லை. எவனோ கடவுச்சொல்லை உடைத்து உள்ளே புகுந்து எல்லாவற்றையும் துடைத்திருக்கிறான்.

அறுவான். அவன்ர கை விளங்காமல் போக. எழுதிவிட்டேன், வெட்ட மாட்டேன்.

யூன் 12, வியாழன்

கம்பனிக்கு மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் ஒரே மெசின் பதில். கணக்கின் சொந்தக்காரர் நேரடியாக உறுதிப்படுத்த வேண்டுமாம். சொந்தக்காரரை நான் எங்க போய்க் கூட்டிக்கொண்டு வாறது?

போனில் இடம் காணாது என்று வீடியோவைப் போட்ட கையோடு அழித்துவிடுவார். ஒரு கொப்பியாவது வையுங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதெல்லாம் வேறு. சாப்பாட்டு நேரம் குசினியில் இருந்து நான் கத்துவது எல்லா வீடியோவிலும் விழும். "ஊர் உலகமே என்ர சத்தத்தைக் கேக்குது, வெட்டுங்கோவன்" என்பேன். "ஓம் ஓம், வெட்டுறன்" என்பார். ஒரு நாளும் வெட்டியதில்லை.

மாமாவிடம் சொன்னேன். இவருடைய அப்பா. துறைமுக வேர்க்சொப்பில் காலம் முழுக்க மோட்டர் பிரித்துப் பூட்டிய தம்பிராசா என்றால் உட்துறைமுக வீதியில் தெரியாத ஆள் இல்லை. இவருக்குத் தொழில் பழக்கியதும் அவர்தான். பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல், "போனது போகட்டும் பிள்ளை" என்றார்.

அவருக்கென்ன. அவர் ஒரு வீடியோவும் பார்த்ததில்லை. சோறு போடுகிற தொழிலை ஊருக்குச் சும்மா அவிழ்த்து விடுகிறான் என்று மகனோடு கோபித்து, ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதைக்காமல் விட்டவர். பிறகு இவருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மாமா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே இவருக்கு நினைவு தப்பிவிட்டது.

யூன் 27, வெள்ளி

எட்டு வீடியோ திரும்பக் கிடைத்தது. நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் மீன்பிடிக்காரர் சிலர் தங்கள் போனில் இறக்கி வைத்திருந்தார்கள். கடல்தண்ணி குடித்த மோட்டரை எப்படிக் காப்பாற்றுவது என்று இவர் இரண்டு பகுதியாகப் போட்டது, அதில் முதற்பகுதி இருக்கிறது. இரண்டாம் பகுதி ஒருவரிடமும் இல்லை. கேட்டுக் கேட்டு வாய் உளைந்துவிட்டது.

இனி எந்தச் சனலிலும் போடப் பயம். என்னோடு கடையில் வேலை செய்யும் ஹுஸ்னியா, கம்பனியே இல்லாத ஒரு இடம் இருக்கிறது என்கிறாள். வீடியோ ஒரு பெரிய பெட்டிக்குள் இருக்காதாம். அதை வைத்திருக்க விரும்புகிற ஒவ்வொருவரின் போனிலும் கணினியிலும் ஒரு முழுக் கொப்பி நிற்குமாம். பார்க்க வருகிறவர் எவரிடம் இருந்தும் எடுக்கலாம். சிக்னல் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற போனில் இருந்தும் எடுக்கலாம்.

"அப்ப எவனும் நடுவில மாத்தி விட்டால்?" என்று கேட்டேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் கைரேகை போல ஒரு அடையாளம் உண்டு, ஒரு நொடியை மாற்றினாலும் அடையாளம் பொருந்தாது, காட்டிக் கொடுத்துவிடும் என்றாள். பூட்ட ஆளில்லை, பறிக்க ஆளில்லை. நல்லாத்தான் இருக்கு. நல்லாயிருக்கிற எதையும் நான் இப்ப நம்புறதில்லை.

யூலை 6, ஞாயிறு

எட்டையும் போட்டோம். ஒவ்வொன்றின் கீழேயும் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு இலக்கம் காட்டும். எட்டுக்குக் கீழேயும் ஒன்று. அந்த ஒன்று கடையின் மூலையில் இருக்கும் பழைய கணினி. என் போன் பழசு, இதற்குத் தாங்காது, பார்க்க மட்டும்தான் உதவும்.

ஹுஸ்னியா சொல்லாமல் விட்ட பாதியை இன்றுதான் சொன்னாள். வைத்திருக்க ஒருவரும் இல்லாவிட்டால் வீடியோவும் இல்லை. கம்பனி என்றால் பறிக்கும், இங்கே பறிக்க ஆளில்லை, ஆனால் மறந்துபோகலாம்.

யூலை 18, வெள்ளி

கரண்ட் காசு கூடுகிறதாம், இரவில் கணினியை நிற்பாட்டச் சொல்கிறார் முதலாளி. கடை பூட்டும்போது நான்தான் நிற்பாட்டுகிறேன். இலக்கம் பூச்சியமாகிறது. ஒவ்வொரு நாளும் என்ர கையால.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

ஹுஸ்னியாவோடு இறக்கக்கண்டிக்குப் போனேன். மீனவர் சங்கத்தில் இவரிடம் மோட்டர் திருத்திய ஆட்கள்தான் முழுக்க. கதிரை போட்டு, சோடா உடைத்து, மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆளுக்கொரு கொப்பி போனில் வைத்திருங்கோ என்று விளங்கப்படுத்தினேன். கடையில் படிவம் நிரப்பத் தெரியாத சனத்துக்கு நாள் முழுக்க விளங்கப்படுத்துகிறவள், எனக்கு இது பெரிய வேலையா என்று நினைத்தேன். பெரிய வேலைதான். டேட்டா எவ்வளவு போகும் என்றார்கள். வைத்திருந்தால் பொலிஸ் வருமா என்றார்கள். காசு கட்ட வேணுமா, பிறகு கேட்பார்களா, கண்ட கண்ட அசிங்கமும் எங்கள் போனுக்குள் வந்து விழுமா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நீங்கள் தெரிந்தெடுத்தது மட்டும்தான் உங்கள் போனில் நிற்கும், வேறொன்றும் வராது. இறக்கும்போது ஒரு தரமும், மற்றவர் உங்களிடம் எடுக்கும்போது கொஞ்சமும் டேட்டா போகும். காசு இல்லை.

பிறகு எனக்கே ஒரு உதாரணம் வந்தது. கரைவலை இழுக்கிற மாதிரி என்றேன். ஒருவர் களைத்து விட்டாலும் மற்றவர்கள் கயிற்றைப் பிடித்திருப்பார்கள், வலை போகாது.

ஹிஸ்புல்லா நானா முன்வரிசையில் இருந்தார். இரண்டு படகும் ஒரு கரைவலையும் சொந்தமாக உள்ள சம்மாட்டி. இவருடைய செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட நின்றவர். அவர் கேட்டார்: "கரவலைக்கும் ஒரு சம்மாட்டி இரிக்காரு தங்கச்சி. வலை கிழிஞ்சா எல்லாரும் எனக்கிட்ட வருவாங்க. இதுக்கு யாரு சம்மாட்டி?"

ஒருவரும் இல்லை என்றேன். "அப்ப கிழிஞ்சா யாருக்கிட்டப் போற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. விருப்பமெண்டா வையுங்கோ, இல்லாட்டி விடுங்கோ என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பிறகு ஒவ்வொருவராக எழும்பி வந்து, "போட்டுத் தாங்க புள்ள" என்று போனை நீட்டினார்கள். வரும்போது பஸ்ஸில் பார்த்தேன். அந்தக் கடல்தண்ணி மோட்டர் வீடியோவின் கீழே பதினாறு. நிலாவெளி வரை அழுதுகொண்டே வந்தேன், ஹுஸ்னியா யன்னல் பக்கம் திரும்பி இருந்தாள்.

ஓகஸ்ட் 22, வெள்ளி

ஐந்து.

ஓகஸ்ட் 30, சனி

இரண்டு. ஒன்று கடைக் கணினி. மற்றது யாரென்று தெரியாது, இந்த இடம் பெயர் காட்டாது.

தாலி அறுத்தவளின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். நான் பஸ் ஏறும் வரை வைத்திருந்தார்கள். நானும்தான் செத்த வீடுகளில் எத்தனை பேருக்கு எத்தனை ஓம் சொல்லியிருக்கிறேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மாமாவோடு சண்டை. குசினியில் வைத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து நின்று, அதை நிப்பாட்டு என்றார். செத்தவன்ர குரலை வீட்டில விடாத, அவன் போக வேணும் என்றார்.

நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "இருக்கேக்க அவர்ட குரலை நீங்கள் கேக்கேல்லை. இப்ப நான் கேக்கிறதையும் ஏன் மறிக்கிறியள்?"

மாமா போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரவு சாப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எழுபத்திநாலு வயது மனுசன். என்ன பெட்டை நான்.

நவம்பர் 30, ஞாயிறு

புயல் அடித்து ஓய்ந்துவிட்டது. கொட்டிலின் தகரம் இரண்டு பறந்துவிட்டது, வீட்டுக்குச் சேதமில்லை. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கடைக்குள் முழங்கால் வரை வெள்ளமாம். கணினி நிலத்தில்தான் இருந்தது.

அதற்குள்தான் எல்லாம் இருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

சிக்னல் வந்தது. பார்க்கப் பயந்து பயந்து திறந்தேன். ஏழு வீடியோவின் கீழே பூச்சியம். தொட்டாலும் திறக்கவில்லை. மோட்டரில் இருந்து வலை எடுக்கிறது, புரொப்பலர் மாத்துறது, நான் மூன்று தரம் கத்த இவர் சிரித்துப் போட்டு "கேக்குது கேக்குது" என்றது. முதல் தந்த ஆட்களைக் கேட்டேன், கணினிக்கு ஏற்றித் தந்த கையோடு அழித்துவிட்டார்களாம். எல்லாம் போச்சு. அந்தச் சிரிப்பு இனி ஒரு இடத்திலும் இல்லை.

எட்டாவதின் கீழே ஐம்பத்தியொன்று.

ஹுஸ்னியாவுக்குக் காட்டினேன், பிழையாகக் காட்டுகிறதோ என்று. பிழையில்லை என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் ஹிஸ்புல்லா நானா ஆட்டோவில் வந்தார், மோட்டர் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு. கடல் ஏறி வந்து இறக்கக்கண்டிக் கரையில் நின்ற படகுகளைப் புரட்டிப் போட்டதாம், அத்தனை மோட்டரும் உப்புத்தண்ணி குடித்துவிட்டதாம். அந்த நாலைந்து நாளும் ரோட்டும் இல்லை, கரண்டும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. இவருடைய அந்தக் கடல்தண்ணி வீடியோ நானாவின் போனில் இருந்திருக்கிறது. கார் பற்றரியில் சார்ஜ் ஏற்றிய போன்களை ஒன்றோடொன்று பக்கத்தில் வைத்து எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். பெயர் காட்டாத அந்த இரண்டாவது ஆள் நானாதான்.

"எனக்கு இந்தச் சாமான் இன்னும் வெளங்கல்ல தங்கச்சி. ஆனா அழிக்க மனசு வரல்ல" என்றார்.

என் விளக்கம் ஒன்றும் வேலை செய்யவில்லை, உப்புத்தண்ணிதான் செய்தது. நான் வைத்திருக்க ஆசைப்பட்டது போய்விட்டது, அவர்களுக்குத் தேவைப்பட்டது நிற்கிறது. சந்தோசப்பட வேணும். நெஞ்சு எரிந்தது.

பிறகு நானா தயங்கித் தயங்கிக் கேட்டார். முதற்பகுதியில் சொன்னபடி எல்லோரும் செய்து வைத்திருக்கிறார்கள். மற்றப் பகுதி எங்கே? போனை எடுத்துக் கடைசித் துண்டைப் போட்டுக் காட்டினார். முற்றத்தில் ரஜீவனின் குரல்: "நல்ல தண்ணியால கழுவி, பிளக்கைக் கழட்டி, கயிறை இழுத்து உள்ளுக்க நிக்கிற தண்ணியை எடுத்திட்டு, ஒயில் விட்டு வையுங்கோ. அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணிப் போடாதேங்கோ." பின்னால் குசினியில் இருந்து, சாப்பிட வாங்கோ என்று நான் கத்துகிறேன். இவர் முடிக்கிறார்: "சரி, கூப்பிட்டாச்சு. மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்."

மாமா வாசலில் நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். மிச்சம் இல்லை நானா என்று நான் சொன்னேன். மோட்டரைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 8, திங்கள்

பின்னேரம் நான் வரும்போது கொட்டில் பூட்டுத் திறந்து கிடந்தது. ரஜீவன் போன பிறகு அதை ஒருவரும் திறந்ததில்லை. உள்ளே மாமா ஸ்பானர் சாவிகளை மண்ணெண்ணெயில் போட்டுத் துருக் கழுவிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 10, புதன்

மத்தியானம் கடைக்கு அரை நாள் லீவு. மாமா சேட்டுப் போட்டு, தலை வாரி இழுத்து, கொட்டிலில் நின்றார். நானாவின் மோட்டர் மேசையில்.

"பிள்ளை, அந்தப் போனைப் பிடி" என்றார். கை நடுங்கும், ஆனபடியால் நீ கையைக் கிட்டக் காட்டாத, மோட்டரைக் காட்டு என்றார். எங்க பாக்க வேணும் என்று கேட்டார். இஞ்ச என்று காட்டினேன்.

"நேற்று மகன் விட்ட இடத்தில இருந்து தொடங்குறன்" என்றார்.

அந்த இடம் கொஞ்சம் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. மாமா காபரேட்டரைக் கழற்றினார், உப்பு எங்கே எங்கே ஒளிந்திருக்கும் என்று காட்டினார், கொயிலை எப்படிக் காய வைப்பது என்று சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லுகிற விதம் அப்படியே இவருடையது. இல்லை, இவர் சொன்ன விதம்தான் மாமாவுடையது, எனக்கு இன்றுதான் தெரிகிறது. மாமா கடைசியில் கயிற்றை இழுக்க, மூன்றாம் இழுவைக்கு மோட்டர் பிடித்தது.

நிற்பாட்டிவிட்டுக் கையைத் துடைத்தார். எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண் நிறைந்து போய் நின்றார்.

"சாப்பிட வாங்கோ மாமா" என்றேன்.

அதோடு நிற்பாட்டினேன். ஹுஸ்னியா வந்து போட்டுத் தந்தாள். என் சத்தத்தை வெட்டவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.