ஒரு போன் பண்ணியிருக்கலாம்

குவாங்சோ, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எசினாம்,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அத்தை சரியாகச் சாப்பிடுகிறார்களா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் கடைக்கான ஆறு தையல் மெஷினும் வராது. நீ சேர்த்து அனுப்பிய பணம் போய்விட்டது. பயப்படாதே, என் வேலை இருக்கிறது.

மெஷின் விற்கிற கம்பெனி பெயரில், "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இன்றே அனுப்புங்கள்" என்று மெயில் வந்தது. முத்திரைகூட அதேதான். அனுப்பிவிட்டேன். மெஷின் வராததால் கம்பெனிக்கே நேரில் போனேன்.

"நாங்க கணக்கே மாத்தலையேப்பா! ஒரு போன் பண்ணக் கூடாதா? பஸ்ஸுல ஒரு மணி நேரம்தானே?" என்றார் முதலாளியம்மா லின்.

கானாவிலிருந்து சரக்கெடுக்க வருகிறவர்களுக்கு இதையே சொல்லித் தருகிறவன் நான். என்னால் தலை நிமிர முடியவில்லை. பேங்கிலும் கேட்டேன், பணத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார்களாம்.

யாராவது வந்தால் நம்மூர் மிளகாய்த் தொக்கு, அந்த ஷிட்டோ, ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு, இங்கே மிளகாயில் காரமே இல்லை. உன் குரலையும் பதிந்து அனுப்பு, திட்டினாலும் சரி.

சந்தையில் உன் தோழிகளும் இங்கிருந்துதான் வாங்குகிறார்கள். கணக்கு மாறியதாக மெயில் வந்தால், பழைய நம்பரில் பேசிவிட்டுப் பணம் அனுப்பச் சொல். யாரோ ஏமாந்ததாகச் சொல்லாதே. உன் புருஷன் ஏமாந்தான் என்றே சொல்.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

உன் செலோம்