வீடுதான் கிளம்புது

என் செல்ல மகளுக்கு,

யாரோ ஓட்டிப் பழசாக்கிய கேட்டமரானை வாங்கி, அதிலேயே குடியிருந்து உலகம் சுற்றப்போகிறாய் என்றதும், உன்னைக் கையோடு கூட்டிவரத்தான் வந்தேன்.

இரண்டு படகுகளை ஒட்டவைத்தது போன்ற அந்தப் பாய்மரப் படகில், சமையலறை நம் வீட்டைவிடத் துப்புரவாக இருந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை நீயே பிரித்து மாட்டினாய்.

என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனாய். நடுக்கடலில் காற்று சீறியபோது கம்பியைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, கடலைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

பார்த்தேன். பதறாமல் பாயைச் சுருக்கி, பத்திரமாகக் கரைசேர்த்தாய். உன்னைப் பெற்றவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

நான் தனியாக ஊர் திரும்பியதும் அப்பா வாசலிலேயே கேட்டார், "எங்க அவ?"

"அவ வீட்டுலதான் இருக்கா. வீடுதான் கிளம்புது."

 இன்று அவர் உனக்கொரு மழைக்கோட்டு வாங்கி வந்திருக்கிறார். அளவுக்கு உன் பழைய சட்டையைக் கொண்டுபோனார். அதை இன்னும் கையிலேயே வைத்திருக்கிறார்.

போய் வா, கண்ணு.

உன் அம்மா