உடைத்தால்தான் திறக்கும் உறை

கொலம்பஸ், ஒஹாயோ
12.7.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அபிராமியும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனில் கேட்கிறேன். மெஷின் சத்தம்தான் பதிலாக வருகிறது. அதனால் இந்த முறை எழுதிவிடுகிறேன்.

பார்சலைப் பிரித்ததும் சிரிக்காதீர்கள். அது சிறுபிள்ளைகள் படிக்கும் படக்கதைப் புத்தகம்தான். ஆனால் இங்கே வயதானவர்கள்கூட பழைய படக்கதைகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அவற்றுக்குத் தரம் பார்த்துச் சொல்லவே கம்பெனி இருக்கிறது. மடிப்பு, கறை, கிழிசல் எல்லாம் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, அந்தச் சீட்டோடு சேர்த்துப் புத்தகத்தை இரண்டு கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் வைத்து மூடிவிடுவார்கள். ஓரமெல்லாம் உருக்கி ஒட்டியிருக்கும். உடைத்தால்தான் திறக்கும். உடைத்துவிட்டால் சீட்டு செல்லாது.

நான் வேலை நேரம் போக இந்தப் புத்தகங்களை வாங்கி விற்கத் தொடங்கியிருக்கிறேன். தரம் போடாத புத்தகங்களை வைக்க இதே மாதிரி வெறும் உறை கிடைத்தால் நன்றாக இருக்கும். இங்கே செய்யச் சொன்னால் கட்டுப்படியாகாது. மாமா காலமான பிறகு அந்தப் பட்டறையை ஒற்றை ஆளாக ஓட்டுகிறீர்கள். ஹேங்கரும் பட்டன் டப்பாவும் அடிக்கிற மெஷினில் இது வருமா என்று ஆறுமுகசாமி அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
செந்தில்வேல்


திருப்பூர்
17.8.2008

அன்புள்ள தம்பி செந்திலுக்கு அக்கா எழுதுவது,

உன் பார்சல் வந்த அன்று பட்டறையில் யாரும் வேலை பார்க்கவில்லை. மெஷினில் நிற்கும் ரோஸ்மேரி, "எக்கா, இது கண்ணாடி மாதிரில்லா இருக்கு. உள்ள இருக்கத யாரும் தொடவே முடியாதே" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்க முடியாத புத்தகத்தை எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டாள்.

பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு, அந்த மோல்டு செய்வதற்கு ஆறுமுகசாமிக்கு மூன்று வாரம் பிடித்தது. ஹேங்கரில் சின்னக் கீறல் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் ஒரு தூசி விழுந்தாலும் கரும்புள்ளியாகத் தெரிகிறது. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியவில்லை. போனால் மெஷினுக்குள் நிற்கும் பிளாஸ்டிக் கருகி, அடுத்த பத்து உறை மஞ்சளாக வந்து விழுகிறது. கை ரேகை படாமலிருக்க ரோஸ்மேரி வேஸ்ட் பனியன் துணியில் கையுறை தைத்துக்கொண்டாள்.

இருபது உறை அனுப்பியிருக்கிறேன். நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைக்கிறேன். நம் பட்டறையில் செய்தது அமெரிக்காவில் ஒருவர் வீட்டு அலமாரியில் நிற்கப்போகிறது என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. உன் மாமா இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

அபிராமிக்குப் பருப்புப் பொடி வைத்திருக்கிறேன். நீயே தின்று தீர்த்துவிடாதே.

அன்புடன்,
அக்கா ஜெயபாரதி


கொலம்பஸ்
21.9.2008

அன்புள்ள அக்காவுக்கு,

உறைகளைப் பார்த்து அசந்துவிட்டேன். அந்தக் கம்பெனியுடையதையும் உங்களுடையதையும் அடுத்தடுத்து வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் குறை. நான் அனுப்பிய மாதிரியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள் ஓரத்தில், கீழ் மூலையில், கம்பெனியின் முத்திரை மிகச் சிறியதாகப் புடைத்திருக்கும். அடுத்த தடவை அதையும் அப்படியே கொண்டுவர முடியுமா? சிலருடைய உறை கீழே விழுந்து விரிசல் விட்டுவிடுகிறது. அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கத்தான். முத்திரை இல்லாவிட்டால் வாங்க யோசிக்கிறார்கள். வேறொன்றுமில்லை.

நாற்பது போதும். தீபாவளிக்குள் அனுப்ப முடிந்தால் நல்லது. பார்சலின் மேல் பட்டன் டப்பா என்றே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இங்கே சுங்கத்தில் வீண் கேள்விகள் கேட்பார்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
செந்தில்வேல்


திருப்பூர்
19.10.2008

அன்புள்ள தம்பிக்கு,

நாற்பதும் இதில் இருக்கின்றன. நீ கேட்டபடியே.

இங்கே நிலைமை சரியில்லை. அமெரிக்காக்காரன் ஆர்டரை நிறுத்திவிட்டான் என்று ஒவ்வொரு கம்பெனியாகச் சொல்கிறார்கள். பனியன் போகாவிட்டால் ஹேங்கர் யாருக்கு வேண்டும்? நான்கு நாள் ஓடிய மெஷின் இப்போது இரண்டு நாள்தான் ஓடுகிறது. ரோஸ்மேரியை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த நேரத்தில் உன் வேலைதான் கை கொடுத்தது.

முத்திரையை மோல்டில் வெட்டுவதற்கு முன் ஆறுமுகசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். "ஏனுங்கம்மா, இது அடுத்தவங்க முத்திரையாட்ட இருக்குதுங்களே. கேட்டுப்போட்டுத்தான் வெட்டச் சொல்றாங்களா?" என்றார்.

"தம்பி சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும். நீங்க வெட்டுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெட்டிக் கொடுத்தார்.

சரியாகத்தான் இருக்கும், இல்லையா கண்ணு? ஒரு வரி எழுது. இருவருக்கும் தீபாவளி வாழ்த்து.

அன்புடன்,
அக்கா


கொலம்பஸ்
8.2.2009

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று மாதமாக நான் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலும் குளிரைப் பற்றிப் பேசியே நேரத்தைக் கடத்தினேன். நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

போன மே மாதமே என் வேலை போய்விட்டது. உங்களிடம் சொல்லவில்லை. அபிராமியிடமும் இரண்டு மாதம் சொல்லவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு பழைய புத்தகச் சந்தையில் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கேதான் இந்த வியாபாரம் பழக்கமானது.

விரிசல் விட்ட உறையை மாற்றிக் கொடுக்க என்று நான் எழுதியது பொய். நல்ல தரம் வாங்கிய புத்தகத்தின் உறையை உடைப்பேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதன் சீட்டை வைத்து, அதே கதையின் மட்டமான பிரதி ஒன்றை உங்கள் உறையில் போட்டு மூடுவேன். பிறகு நல்ல புத்தகத்தை மறுபடியும் தரம் பார்க்க அனுப்புவேன். ஒன்று இரண்டாகிவிடும். வாங்கியவர்கள் யாரும் உடைத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். முப்பத்தொன்று விற்றேன்.

ஒருவர் உடைத்துவிட்டார். வால்டர் என்று பெயர், எழுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுவயதில் அவரும் அவர் அண்ணனும் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் மடியிலும் விரித்துப் படிப்பார்களாம். அண்ணன் கொரியப் போரில் இறந்துவிட்டார். அந்தப் புத்தகத்தைத்தான் என்னிடம் வாங்கினார். விற்பதற்காக இல்லை, மறுபடியும் படிப்பதற்காக. சுத்தியலால் உறையைத் தட்டி உடைத்திருக்கிறார். உள்ளே நடுவில் ஒரு தாளே இல்லை. பின்னட்டை பசை போட்டு ஒட்டியது.

என் வீட்டுக்கு வந்தார், அக்கா. கோபமாக வரவில்லை. புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது, நானும் யாரிடமோ வாங்கியதுதான் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னித்துக்கொள், உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டேன்" என்றார். அபிராமி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அந்த உடைந்த உறையைக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார். இப்போது அவர்கள் விசாரிக்கிறார்கள். உங்களிடம் கேட்டால் நீங்கள் செய்து அனுப்பியது வெறும் பட்டன் டப்பா என்று எழுதிக் கொடுங்கள். முத்திரையைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள் தம்பி,
செந்தில்வேல்


திருப்பூர்
15.3.2009

செந்திலுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் பிரித்தேன். பாதியில் எழுந்து போய் ஷட்டரை இறக்கிவிட்டு மீதியைப் படித்தேன். பட்டப்பகலில் ஏன் பூட்டுகிறீர்கள் என்று எதிர்க் கடைக்காரர் கேட்டார். தலைவலி என்றேன்.

நீ என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் ஏமாறவில்லை. இந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அடுத்தவன் லேபிளைத் தைத்த பனியனைக் கையில் எடுத்தாலே எனக்குத் தெரியும். ஆறுமுகசாமி கேட்டபோதே தெரிந்தது. பட்டன் டப்பா என்று பார்சலில் எழுதியபோது நன்றாகவே தெரிந்தது. மெஷின் ஓட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். சரியாகத்தான் இருக்கும், இல்லையா கண்ணு என்று உன்னிடம் கேட்டேனே, நீ பதில் எழுதாமல் இருந்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாள் ஆறுமுகசாமியையும் ரோஸ்மேரியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரோஸ்மேரி அழுதாள். ஆறுமுகசாமி, "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க" என்றார். அவர் கையாலேயே இரும்பு அறுக்கும் கிரைண்டரை வைத்து அந்த மோல்டை அறுத்தார். சாமானையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, "வர்றனுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. ஃபோன் செய்தால் மரியாதையாகப் பேசுகிறார். பெருமாநல்லூரில் வேறொரு பட்டறைக்குப் போகிறாராம்.

எழுதிக் கொடு என்றாய். எழுதிவிட்டேன், ஆனால் நீ சொன்னதை எழுதவில்லை. எனக்கு ஆங்கிலம் வராது. ரோஸ்மேரியின் மகள் காலேஜில் படிக்கிறாள், அவள்தான் எழுதினாள். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் தலையைக் குனிந்தபடியே எழுதினாள். நடுவில் நிறுத்தி, "பெரியம்மா, இந்த எடத்துல தெரியாமன்னு போடவா, தெரிஞ்சேன்னு போடவா?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"தெரிஞ்சேன்னு போடு, கண்ணு" என்றேன்.

அந்தக் கம்பெனியின் விலாசம் நீ அனுப்பிய மாதிரியின் சீட்டில் இருந்தது. என் பெயர், பட்டறை பெயர், மோல்டை அறுத்த படம் எல்லாம் வைத்து அனுப்பிவிட்டேன். உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல். அவர்கள் வந்து சொல்வதற்கு முன்பாக நீ சொல்.

ஜெயபாரதி


கொலம்பஸ்
24.5.2009

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு மாதம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நீங்கள் அழைத்தபோதெல்லாம் ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருந்ததே, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உங்கள் கடிதத்தின் நகல் அவர்கள் கையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு பொய் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வாங்கியவர்கள் முப்பத்தொரு பேரின் பட்டியலையும் கொடுத்துவிட்டேன். வழக்கு வரும் என்று வக்கீல் சொல்கிறார். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறேன். அபிராமியிடம் நானே சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அக்காவையுமா இதுல இழுத்து உட்டீங்க?" அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

நீங்கள் சொன்னபடி கம்பெனிக்காரர்கள் வருவதற்கு முன் நான் வால்டரிடம் போகவில்லை. அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. போன சனிக்கிழமைதான் போனேன். அதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். நல்ல பிரதி ஒன்று தேடித் தருகிறேன், எத்தனை வருடம் ஆனாலும் தருகிறேன் என்றேன்.

"அந்தக் கதையை நீ படித்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். முப்பத்தொரு புத்தகம் என் கை வழியாகப் போயிருக்கிறது. ஒன்றைக்கூட நான் படித்ததில்லை, அக்கா.

"அன்றைக்கு உன் வீட்டில் நான் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் சொன்னேன், ஒரு நல்ல பையனைச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று. இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. மெதுவாகக் கதவைச் சாத்தினார். சத்தம் வராமல் சாத்தினார்.

நீங்கள் செய்தது சரி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். நன்றி என்று எழுதக் கை இன்னும் வரவில்லை.

ஊருக்கு வரட்டுமா என்று கேட்க மாட்டேன். வழக்கு முடியும்வரை வரவும் முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்கிறேன். எடுக்கத் தோன்றாவிட்டால் எடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் மணி அடிக்கவிட்டு வைத்துவிடுகிறேன். அடுத்த ஞாயிறும் செய்வேன்.

செந்தில்வேல்