ஜூன் ஒன்றாம் தேதிப் பிள்ளை

ஈக்காட்டுத்தாங்கல்,
சென்னை.
21.4.2026, செவ்வாய்.

அன்பு மகன் ஃபராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மி எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், அப்பா, உன் அக்கா சாய்மா, அவள் பெண் ஆயத் எல்லாரும் சுகம், தண்ணீர் மோட்டார் மட்டும் நாலு நாளாகச் சுகமில்லாமல் இருந்தது, நேற்று அதுவும் தேறிவிட்டது. நீயும் கனடாவில் உன் அறைத் தோழர்களும் அதேபோல் நன்றாக இருக்க வேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை குறுக்கே பேசுவாய், இந்த விஷயத்தை நடுவில் யாரும் பேசாமல் கடைசி வரை நான் சொல்ல வேண்டும். அதோடு பக்ரீத் குர்தா எப்படியும் கூரியரில் வருகிறது, கடிதமும் அதன் மடிப்பில் உட்கார்ந்து வரட்டும், இதற்காவது யாரும் வீசா கேட்க மாட்டார்கள்.

முதலில் வீட்டு சமாச்சாரம். ஆயத்துக்கு அடையாறில் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. சாய்மா என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். இப்போதெல்லாம் பிறப்புச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறார்கள், தேதியை யாராலும் ஒரு நாள்கூட முன்னே பின்னே நகர்த்த முடியாது என்று அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாள் பெருமையாகச் சொன்னார். நான் உடனே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்பாவுக்கு முட்டி வலிக்கிறது, ஆனாலும் பட்டறைக்குப் போய்விடுகிறார், வீட்டில் இருந்தால் எனக்குத் தலை வலிக்கும் என்று அவருக்கே தெரியும். நீ போகுமுன் அங்கே நின்று ஓட்டிய சிஎன்சி மெஷினில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஜெயராம் நிற்கிறார். நல்ல மனிதர், மத்தியானம் சாப்பிடும்போது ஊரில் இருக்கிற பிள்ளைகளை வீடியோவில் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாராம், அதைப் பார்த்தால் உன் ஞாபகம் வருகிறது என்று அப்பா ஒரு நாள் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். போன வாரம் டீக்கடைக்காரர், இவனுங்க வந்துதான் மாமா ரூம் வாடகையே எகிறிடுச்சி, ஒரு ரூம்ல எட்டு பேரு கீறானுங்க என்று ஜெயராமை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு வந்ததே கோபம். எம் புள்ள கனடாவுல ஒரு வூட்ல ஆறு பேரோட கீறான், அங்கயும் ஒரு டீக்கடைல எவனாவது இதையேதான் பேசிக்கினு இருப்பான், நீ டீயப் போடு என்று சொல்லிவிட்டு வந்தாராம். எல்லா ஊருக்கும் வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குத் தங்க இடம் வேண்டியிருக்கக் கூடாது, வயசாகக் கூடாது, அப்பா அம்மா இருக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. ஜெயராமை ஐடிஐ படிக்க வைத்தது ஒடிசா, பலன் ஈக்காட்டுத்தாங்கலுக்கு, உன்னைப் படிக்க வைத்தது இந்த ஊர், உன் வரி கனடாவுக்கு, வளர்க்கிற பாடு ஒருவருக்கு, வளர்ந்த ஆள் இன்னொருவருக்கு, இதுதான் இன்றைய உலக வியாபாரம் என்று ராத்திரி சாப்பாட்டில் ஒரே பிரசங்கம். நான் இன்னொரு சப்பாத்தியைத் தட்டில் போட்டேன், நின்றது.

எனக்கும் ஒரு கட்சி இருக்கிறது. பாண்டி பஜார் துணிக்கடையில் ஆல்டரேஷன் மெஷின் முன்னால் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், நான் பார்க்காததா. ஆடித் தள்ளுபடி நெருங்கினால் தி.நகர் முழுக்க ஆட்கள் தேவை, உணவும் தங்குமிடமும் இலவசம் என்று போர்டு தொங்கும், வயது இத்தனைக்குள் என்றும் எழுதியிருக்கும். தெற்கத்திப் பெண்கள் பையோடு வந்து இறங்குவார்கள். தீபாவளி முடிந்ததும் போர்டை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள், வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி ரயில் ஏறுவார்கள். முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கூட்டம் இருக்கிறபோது கை வேண்டும், கூட்டம் போனால் அந்தக் கைக்கு ஏன் சோறு போட வேண்டும் என்ற கணக்கு. நீ போனபோது கனடாவில் போர்டு வெளியே தொங்கியது, இப்போது உள்ளே எடுக்கிறார்கள். எங்கள் முதலாளி எடுத்தால் எடுத்துவிட்டேன் என்று நேராகச் சொல்வார். அவர்கள் அதற்கு மதிப்பெண் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னது ஒன்றையும் நான் மறக்கவில்லை. செப்டம்பரோடு உன் வேலை அனுமதி முடிகிறது, அதற்குள் நிரந்தரமாகத் தங்க அழைப்பு வர வேண்டும், வயதுக்கும் படிப்புக்கும் மொழிக்கும் அவர்கள் போடுகிற மதிப்பெண்ணில் போன முறை மூன்று குறைந்து தவறிவிட்டது, வருகிற ஜூன் ஒன்றாம் தேதி முப்பது வயது ஆனதும் இன்னும் ஐந்து குறைந்துவிடும் என்றாய். ஆனால் நீ நிஜமாகப் பிறந்தது 1997 மார்ச் பதினாலு. இந்த வருஷம் அது நோன்பில் வந்தது, இஃப்தாருக்குச் சேமியா பாயசம் செய்தேன், உன் பேரைச் சொல்லி ஆயத் இரண்டு கிண்ணம் குடித்தாள். பாஸ்போர்ட்டிலும் மார்க் ஷீட்டிலும்தான் 1996 ஜூன் ஒன்று, ஒன்பதரை மாதம் கூடுதல், அதன்படி பார்த்தால் நீ என் வயிற்றில் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டாய். இதற்கு நம் வீட்டில் ஒரே காரணம்தான், ஸ்கூல் கிளர்க் வெள்ளைத்துரை தப்பாக எழுதிவிட்டார். உன் நண்பர்கள் ஜூன் ஒன்றாம் தேதி கொண்டுவருகிற கேக்குக்கே வெள்ளைத்துரை கேக் என்றுதானே பேர். அதை நம்பித்தான் நீயும் கேட்டாய், பீரோவில் கார்ப்பரேஷன் பர்த் சர்டிபிகேட் இருக்கும், அனுப்புங்கள் அம்மி, இங்கே ஒரு ஏஜென்ட் கிளர்க் பிழை என்று எழுதித் தேதியை மாற்றித் தருகிறேன் என்கிறார் என்று. தேடினேன், கிடைக்கவில்லை என்று நான் சொன்னேன். அது பொய். அந்த சர்டிபிகேட் என் நிக்காஹ் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளைத்துரை தப்பாக எழுதவில்லை பேட்டா. நான் சொன்னதை எழுதினார். அப்போதுதான் எனக்குக் கடையில் வேலை கிடைத்திருந்தது, ஆடிக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும் என்றார்கள். சாய்மா பள்ளிக்கூடத்தில், அப்பா பட்டறையில், உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உனக்கு நாலே கால் வயது. ஐந்து முடிந்தால்தான் சேர்ப்பார்கள், அதனால் ஜூன் ஒன்று என்று சொன்னேன், அன்றைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில்தான் பிறந்திருந்தார்கள். வெள்ளைத்துரை உன்னை ஏற இறங்கப் பார்த்தார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்றார், ஐந்து வயது ஆனதா என்று பார்க்க அந்தக் காலத்துப் பரீட்சை அதுதான். உன் விரல் காதுக்கு மேலே முடியிலேயே நின்றுவிட்டது. நான் உன் முகத்தைத் துடைக்கிற மாதிரி முந்தானையை எடுத்து உன் தலையை வலது பக்கம் சாய்த்தேன், தொட்டுவிட்டாய். நீ ஒரே குதி. இருபத்தைந்து வருஷமாக அந்த மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் உங்களோடு உட்கார்ந்து கேக் தின்றிருக்கிறேன். எனக்கு வேலைக்குப் போக ஆசை, அதற்கு உன் குழந்தைப் பருவத்திலிருந்து ஒன்பதரை மாதத்தை எடுத்துக்கொண்டேன். அது கனடாவில் ஐந்து மதிப்பெண் ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும். என்னை மன்னித்துவிடு, இத்தனை வருஷம் மறைத்ததற்கும் சேர்த்து.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் அந்த வெள்ளைத்துரையே பேண்ட் இடுப்பைப் பிடிக்க என் மெஷின் முன்னால் வந்து நின்றார். ரிட்டயர் ஆகி இளைத்துவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னாமா, உன் சின்னவன் எப்டி கீறான், தலையச் சாச்சி காதத் தொட்டானே அவன் என்றார். எனக்கு ஊசி கையில் ஏறிவிட்டது. பார்த்தீர்களா என்று கேட்டேன். பாத்துக்கினுதாம்மா இருந்தேன், உன் மூஞ்சியப் பாத்துட்டு எழுதிட்டேன் என்றார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை, கனடா, மதிப்பெண், கேக் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனிதர் கோபப்படுவார் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறார். எம் பேர்ல இத்தினி வருசமா கேக்கு வெட்டினு ஒரு துண்டாவது குடுத்தனுப்புனீங்களா என்று கேட்டார் பார், வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் லீவு போட்டு அவரோடு சைதாப்பேட்டை போனேன், தப்பான தேதியைச் சொன்னது நான்தான் என்று பத்திரம் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன், அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இனி அவர் பேண்ட் எல்லாம் என் பொறுப்பு.

அன்று சாயங்காலம் அப்பாவிடமும் சொன்னேன், அவருக்கும் இது புதுசு. முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, ஒரு வருசம் லேட்டா படிச்சிருந்தா லேட்டாதான் போயிருப்பான், அதுக்குள்ள போர்டை உள்ள எடுத்திருப்பாங்க, நீ எடுத்ததும் ஒரு வருசம் குடுத்ததும் ஒரு வருசம், வுடு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து யாராவது அவர் வயதைக் கேட்டால் நஸ்ருன்னிசாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார், அதுதான் பொறுக்க முடியவில்லை.

சர்டிபிகேட்டும் பத்திரமும் குர்தாவின் மடிப்புக்குள் இருக்கின்றன. அந்த ஏஜென்ட் கையில் கொடுக்காதே. சாய்மா தனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்டாள். எல்லாக் காகிதத்திலும் ஒரு தேதி இருக்கிறபோது, சரியாக மதிப்பெண் குறைகிற நேரத்தில் மாற்றினால் நிஜமான தேதியையே தந்திரம் என்று நினைப்பார்கள், பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருஷம் கதவு சாத்திவிடுவார்கள் என்றாராம். அதனால் அங்கே முறையாக லைசென்ஸ் உள்ள வக்கீலைப் பார், நடந்ததை நடந்தபடி சொல். மாற்ற வழி இருக்கிறது என்றால் மாற்று, இல்லை என்றால் விட்டுவிடு. எது ஆனாலும் கிளர்க் பிழை என்று ஒரு எழுத்தும் எழுதாதே, அந்த நல்ல மனிதர் தலையில் நாம் வைத்தது போதும். பிரெஞ்சு வகுப்பை நிறுத்தாதே, அதற்கு மதிப்பெண் உண்டு என்று நீதான் சொன்னாய், அது வயதானாலும் குறையாது. ஒருவேளை ஒன்றும் நடக்கவில்லை என்றால் தோற்றுப்போய்த் திரும்புகிறோம் என்று நினைக்காதே. நம் பட்டறை வாசலிலும் ஆட்கள் தேவை போர்டு தொங்குகிறது, அதில் வயது போடவில்லை, அப்பா கிட்டே போய்ப் படித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு உன் தலையை நான் சாய்த்தேன். இந்த முறை சாய்க்க மாட்டேன். எட்டுகிற வரை நீயே கையை நீட்டிப் பார். எட்டினால் அல்ஹம்துலில்லாஹ், எட்டாவிட்டால் கையைக் கீழே இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வா கண்ணா, இங்கே உனக்குப் பரீட்சை கிடையாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் மன நிம்மதியும் கொடுக்கட்டும், ஐந்து வேளையும் உனக்காக துஆ கேட்கிறேன். அப்பாவின் சலாம், சாய்மாவின் சலாம், ஆயத்தின் முத்தம். குர்தாவை முதல் தடவை தனியாகத் துவை, சாயம் விடும். ஜூன் ஒன்றாம் தேதி உன் நண்பர்கள் கேக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதே, இந்த வருஷம் மட்டும் வெள்ளைத்துரை பேரை விட்டுவிட்டு என் பேரைச் சொல்லி வெட்டு.

உன் அன்பு அம்மி,
நஸ்ருன்னிசா வலியுல்லா