எண்ணெய்க்கை

அரித்தா, 1970 அக்டோபர் 3

அன்புள்ள தோமிகோ அக்காவுக்கு,

நலமா? சசெபோவில் கடற்காற்று குளிரத் தொடங்கியிருக்குமே. இருபது வருஷமாக எழுதாதவள் எழுதுகிறேன், கை கூசுகிறது.

என் மகள் மிதோரி நாம் வேலை பார்த்த பழைய பீங்கான் பட்டறையிலேயே சித்திரம் தீட்டச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே சிரித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, எண்ணெய்க்கை தோமிகோன்னு ஒருத்தி இருந்தாளாமே? தலைக்குத் தடவின கையோட தொட்டு, அஞ்சு கல்யாணக் கிண்ணத்தையும் பாழாக்கினாளாம்! புதுசா வர்றவங்களுக்கு அந்தக் கதையைத்தான் முதல்ல சொல்றாங்க." நானும் அவளோடு சிரித்தேன். சிரித்தேன், அக்கா!

அந்தக் கிண்ணங்களுக்குச் சித்திரக் கோடு போட்ட அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. உங்கள் சீசாவிலிருந்து கேட்காமல் எண்ணெய் எடுத்துத் தடவிக்கொண்டவள் நான்தான். சூளையிலிருந்து வந்தபோது நாம் தீட்டிய தினைக்கதிரும் காடையும் நீலமாக மின்னின. பக்கத்திலேயே, எண்ணெய் பட்ட இடத்தில் மெருகு ஒட்டாமல் விரல் தடம். முதலாளி எண்ணெய் மின்னும் உங்கள் கூந்தலைத்தான் பார்த்தார். வேலை போனால் சம்பந்தமும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என்னை மன்னிப்பீர்களா?

ஹிசயோ


சசெபோ, அக்டோபர் 9

அடியே ஹிசயோ,

எனக்கு அன்றைக்கே தெரியும். நீ இடக்கையால் கோடு போடுகிறவள். கிண்ணத்தை வலக்கையில் பிடிப்பாய். வண்ணம் நிரப்பும் நான் இடக்கையில் பிடிப்பேன். தடம் காடைக்கு வலப்பக்கம் இருந்தது.

முதலாளி என்னை வெளியே அனுப்பியபோது, நீயே சொல்வாய் என்று வாசல்வரை மெல்லத்தான் நடந்தேன். நீ குனிந்து தூரிகை கழுவிக்கொண்டிருந்தாய்.

வேலை போனது போகட்டும், மீன் சந்தையில் பிழைத்துக்கொண்டேன். பேர் போனதுதான் ஆறவில்லை. மன்னிப்பைத் தபாலில் கேட்காதே. பட்டறையில் போய்ச் சொல். அதற்கு முன் உன் மகளிடம் சொல்.

தோமிகோ


அரித்தா, அக்டோபர் 15

அக்கா,

மிதோரியிடம் சொன்னேன். சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் சிரிச்சப்போ நீயும் சிரிச்சியேம்மா" என்றாள். இரண்டு நாள் நான் எழுவதற்கு முன்பே பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்று காலைத் தேநீர் வேளையில் பட்டறைக்குப் போய் எல்லார் முன்னும் நின்று சொன்னேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மிதோரி மட்டும் எழுந்து, "இனிமே கதையைச் சரியான பேரோட சொல்லுங்க" என்றாள்.

சரி என்றார்கள்.

இப்படிக்கு,
எண்ணெய்க்கை ஹிசயோ