8 ஓம் என்று நான் ஒட்டிய சீட்டு

9 ஜூன், திங்கள்

காலை முதல் மேல்காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி முழுக்க மண். பாலிடெக்னிக் திறக்க இன்னும் ஒரு வாரம்.

சுந்தரம் அண்ணன் அனுப்பிய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்தது, பழைய போர்வை சுற்றி. எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் கீபோர்டும் தலைமையும். குழு கலைந்து ஒன்பது ஆண்டுகள். பயிற்சி நடந்த அவர் வீட்டு முன்னறையை இப்போதுதான் காலி செய்கிறார். திருமங்கலத்தில் பள்ளி இசை ஆசிரியை ஒருவர் பெட்டியைக் கேட்டிருக்கிறாராம்.

"ஸ்பீக்கர் ரெண்டையும் எலி கொதறி வச்சிருக்கு வாத்தியாரே. நீங்க மாட்டுனதுதான, நீங்களே மாத்திக் குடுத்திருங்க."

மாட்டியது நான்தான். குழுவின் ஒலியமைப்பு முழுவதும் அந்நாளில் என் பொறுப்பு.

நாளைக்கு:
– பின்பலகைத் திருகுகள், 16. எண்ணி டப்பாவில்.
– மீட்டருக்கு பேட்டரி.
– மனைவி வசந்திக்குக் கடைவாய்ப் பல். டாக்டர், ஐந்து மணி.

10 ஜூன், செவ்வாய்

பின்பலகையைக் கழற்றினேன். எலிப்புழுக்கை, பஞ்சு, பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய, கிட்டார் கம்பி மீட்டும் ஒரு பிக். பாண்டி அப்படித்தான் வெட்டி வைத்துக்கொள்வான். எங்கள் கிட்டார்க்காரன்.

ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு மட்டுமே கிழிசல். உள்ளிருக்கும் சுருள் பழுதில்லை. இரண்டின் முதுகிலும் 8 ஓம் என்று அச்சு. தனித்தனியே அளந்தால் 6.6. (மீட்டர் சுருளின் தடையை மட்டுமே காட்டும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஆறரையை ஒட்டி வருவது இயல்பு.)

பிறகு, வழக்கப்படி, ஆம்ப்ளிஃபையர் கம்பி செருகும் துளையில் அளந்தேன். அங்கும் ஆறரையை ஒட்டி வர வேண்டும்.

3.3.

கம்பி முனைகளைத் தேய்த்துவிட்டு மறுபடி. 3.3. பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி. 3.3.

துளைக்கு மேலே என் கையெழுத்தில் வெள்ளைச் சீட்டு: "மொத்தம் 8 ஓம்." அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு.

இரண்டு எட்டுகளைப் பக்க இணைப்பில் கொடுத்தால் பாதியாகி நான்கு. முதலாம் ஆண்டு மாணவன் சொல்வான்.

எப்படி நேர்ந்தது என்பதும் விளங்கிவிட்டது. கம்பிகளில் இன்னும் என் எண்கள், 1 முதல் 4 வரை. கழற்றுமுன் எண்ணிடு, எண்ணியபடியே திரும்ப மாட்டு. நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் விதி. அதைத்தான் செய்திருக்கிறேன். முன்பு உள்ளே இருந்தவை பதினாறு ஓம் ஸ்பீக்கர்கள். இரண்டு பதினாறு பக்க இணைப்பில் எட்டு, சரி. அன்று கடையில் பதினாறு இல்லை. எட்டு வாங்கினேன். கம்பியை மட்டும் பழையபடி மாட்டினேன். சீட்டையும் பழைய கணக்கில் எழுதினேன். அளக்கவில்லை.

அந்நாளில் இதோடு மாட்டியிருந்த ஆம்ப்ளிஃபையரின் முதுகில் "எட்டு ஓமுக்குக் குறையக் கூடாது" என்று அச்சிட்டே இருந்தது. நான்கு என்றால் ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம். வெந்துதான் தீரும்.

ஆக, பேரையூரில் அதை எரித்தது பாண்டி அல்ல.

பல் டாக்டர் மறந்துபோயிற்று. வசந்தி தனியே போய் வந்தாள். பேசவில்லை. பல் காரணமாகவும் இருக்கலாம்.

11 ஜூன், புதன்

காற்று குறையவில்லை. காலையில் பீரோவின் அடித்தட்டிலிருந்து கோப்பை எடுத்தேன். என் அறிக்கையின் நகல் இருக்கிறது. எதையும் நான் கிழித்துப் போடுவதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், பேரையூர்க் கோயில் திருவிழா மேடை. நான்காவது பாட்டின் நடுவில் கிட்டார் ஆம்ப்ளிஃபையரிலிருந்து புகை. கூட்டம் கைதட்டியது, ஏற்பாடு என்று நினைத்து. அடுத்த ஞாயிறு, சுந்தரம் அண்ணன் வீட்டு முன்னறையில் மற்ற ஏழு பேரையும் உட்கார வைத்து, நான் நின்றுகொண்டு வாசித்தேன்:

1. ஒலிக்குமிழ் ஆறைத் தாண்டக் கூடாது என்பது விதி. சிவப்பு நாடா ஒட்டப்பட்டிருந்தது.
2. நிகழ்வுக்குப் பின் பார்வையிட்டபோது குமிழ் ஏழில் இருந்தது.
3. ஆகவே பழுதுக்குக் காரணம் கிட்டார் இசைத்தவரின் கவனக்குறைவு.

எட்டுக் கையெழுத்துகள். கடைசி பாண்டியுடையது. பேனா என்னுடையது.

ஆம்ப்ளிஃபையரைப் பார்வையிட்டேன். குமிழைப் பார்வையிட்டேன். பெட்டியைத் திறக்கவில்லை. நான் மாட்டிய பெட்டி, திறப்பானேன் என்ற எண்ணம். எட்டு ஓமாக இருந்திருந்தால் ஏழென்ன, பத்தில் வைத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அதற்கு முன் இருமுறை அவனே சொன்னான். "அண்ணே, ஆம்ப் மேல கை வைக்க முடியல. தோசக்கல்லு கணக்கா சுடுது." குமிழைக் குறை என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. சொன்ன தொனியும்.

அறிக்கை வாசித்து முடித்ததும் டிரம்ஸ் கணேசன்தான் ஆரம்பித்தான். "இனிமே நீ பாண்டி இல்லடா மாப்ள. புகை!" எல்லோரும் சிரித்தோம். நானும். இரண்டு மாதத்தில் பாண்டி குழுவை விட்டான். பெயர் அவனை விடவில்லை.

12 ஜூன், வியாழன்

வசந்தியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

யோசிக்கிறேன் என்றேன்.

"ஸ்பீக்கர மாட்டி மூடிட்டா யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்றேன்.

"அதத்தான் யோசிக்கிறீங்க."

பதினாறு திருகுகளையும் அந்தச் சீட்டையும் பற்றிக் காலை முழுதும் நினைத்திருந்தது உண்மை. சீட்டு வெந்நீரில் ஊறினால் வந்துவிடும்.

"பக்கத்து வீட்டுக் குழா ஒழுகுனாக்கூட வெள்ளத்தாள்ல எழுதிக் குடுப்பீங்கள்ல. இதையும் எழுதிக் குடுங்க."

மேல மாசி வீதிக் கடையில் பதினாறு ஓம் இரண்டு கேட்டிருக்கிறேன். சென்னையிலிருந்து வர ஐந்து நாள்.

எரிவாயு பதிவு செய்தாயிற்று.

13 ஜூன், வெள்ளி

திருத்த அறிக்கை எழுதினேன். முதல் வரைவில் "இணைப்பில் பிழை நேர்ந்துள்ளது" என்று வந்தது. தானாக நேர்ந்ததுபோல. அடித்துவிட்டு, "இணைப்பை நான் பிழையாகக் கொடுத்தேன்." நான்கு வரைவுகள். கடைசி அரைப் பக்கம்.

14 ஜூன், சனி

சோழவந்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சட்டைப்பையில் அறிக்கை, பிக்.

பாண்டி இப்போது மாமனாரின் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொள்கிறான். தலை நரைத்திருக்கிறது, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கொட்டகையில் உட்கார்ந்து இலை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தான். நூறு இலை ஒரு கவுளி. என்னைப் பார்த்தும் எண்ணிக்கையை விடவில்லை.

"அறுவத்தி மூணு, அறுவத்தி நாலு... உக்காருங்கண்ணே, கவுளிய முடிச்சிர்றேன்... அறுவத்தி அஞ்சு."

உட்காரவில்லை. நூறு வரை நின்றேன்.

"இம்புட்டு வெயில்ல எதுக்குண்ணே? ஒரு போன் போட்டா நானே வந்திருப்பேன்ல."

வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் வரியில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதுல என்ன இருக்கு, சும்மா சொல்லுங்க."

சொன்னேன். பதினாறு, எட்டு, நான்கு, எல்லாம். குமிழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதையும். ஈரச் சாக்கை இலைமேல் இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டான்:

"நான் எரிக்கலன்னு எனக்குத் தெரியாதாண்ணே? என்கிட்ட வந்து எதுக்கு வாசிக்கிறீங்க? அன்னிக்கு யாருக்கு வாசிச்சீங்களோ அவுங்களுக்கு வாசிங்க."

மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லைக் கையில் வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் இருந்தான்.

"எம் மக ஏழாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல அவளப் 'புகை மக'ங்கிறாய்ங்க. என்ன புகைன்னு அவய்ங்களுக்கே தெரியாது."

பிக்கைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிட்டார் வைத்திருக்கிறாயா என்று கேட்டது என் தவறு.

"அது போயி எம்புட்டு நாளாச்சு." இடதுகை விரல் நுனிகளைக் காட்டினான். "முன்னாடி இங்கன காச்சுப் போயி கல்லு மாதிரி இருக்கும். இப்பத் தொட்டுப் பாருங்க, மெத்துன்னு கெடக்கு."

தொட்டுப் பார்த்தேன்.

பிக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் மனைவி மோர் கொடுத்தாள். கிளம்பும்போது, "நின்னுக்கிட்டு வாசிங்கண்ணே. அன்னிக்கு நின்னுக்கிட்டுத்தான் வாசிச்சீங்க."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மதுரை வரை நின்றே வந்தேன்.

18 ஜூன், புதன்

திங்களன்று கல்லூரி திறந்தது. முதலாம் ஆண்டுக்கு முதல் வகுப்பு. "எண்ணிடு, எண்ணியபடி மாட்டு" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, கீழே "பிறகு அள" என்று சேர்த்தேன். இத்தனை ஆண்டுகள் அந்த வரி அங்கே இல்லை.

ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. பதினாறு ஓம், இரண்டு. தனித்தனியே 13. பக்க இணைப்பு. பற்றவைப்பு. துளையில் அளவு: 6.5. சரி.

பழைய சீட்டைக் கிழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் புதிய சீட்டு: "8 ஓம். அளக்கப்பட்டது."

சுந்தரம் அண்ணனிடம் பேசினேன். ஞாயிறு காலை, பழையவர்களை அழைக்கச் சொல்லி.

"எதுக்கு வாத்தியாரே, கச்சேரியா?"

ஆம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அறிக்கை என்றேன்.

"மறுபடியுமா!"

22 ஜூன், ஞாயிறு

லேசான தூறல்.

எட்டுப் பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் துபாயில். ஒருவர் வர இயலவில்லை. பாண்டி வரவில்லை. என்னைத் தவிர மூவர்: சுந்தரம் அண்ணன், கணேசன், தபலா மூர்த்தி. முன்னறையில் அட்டைப்பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன்.

அரைப் பக்கம்தான். வாசிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. மூர்த்தி தரையைப் பார்த்தார். சுந்தரம் அண்ணன், "பாவம்யா பாண்டி" என்றார். கணேசன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"அப்ப நீங்கதானா சார் எரிச்சது! அன்னிக்கு நீங்க வாசிச்ச வாசிப்புல நானே நம்பிட்டேன் சார், நீதிபதி கணக்கா."

மூவரும் கையெழுத்திட்டார்கள். கணேசன் உடனே போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி:

"மாப்ள புகை! நல்ல சேதிடா. அன்னிக்கு எரிச்சது நீ இல்லயாம்!"

போனில் பாண்டியின் குரல்.

"அப்பிடியா மாப்ள. எனக்கு யாரும் சொல்லவே இல்லயே."

கணேசன் மறுபடி சிரித்தான்.

"சார் வாசிச்சாரா?"

"வாசிச்சாருடா."

"நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தான்டா. இன்னமும் நிக்கிறாரு."

"சரி, உக்காரச் சொல்லு. நான் வைக்கிறேன், எண்ணிக்கை விட்டுப்போகும்."

உட்கார்ந்தேன். கணேசன் போனைப் பைக்குள் வைத்தபடி, "புகைக்குக் கோவம் போயிருச்சு சார்" என்றான்.

பாண்டி என்று சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லலாம் சார். நாக்கு பழகிருச்சே. சுந்தரண்ணே, புகை வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

அந்தப் பெயரை ஒழிக்க நான் எழுதக்கூடிய அறிக்கை எதுவும் இல்லை. வடை சாப்பிட்டோம். கையெழுத்திட்ட தாளின் நகலை நாளை சோழவந்தானுக்குப் பதிவுத் தபாலில். அவன் மகள் படிக்கும்படி பெரிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

24 ஜூன், செவ்வாய்

தபால் அனுப்பியாயிற்று. வசந்தியின் பல்லுக்கு இரண்டாம் அமர்வு. இன்று உடன் போனேன்.

மாலை ஐந்தரைக்கு, திருமங்கலம் இசை ஆசிரியை வேனுடன் வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். கோடு போட்ட சீட்டையும் புதிய சீட்டையும் படித்தார்.

"யாரோ புகைன்னு ஒருத்தர் எரிச்ச பெட்டியாமே சார்? சுந்தரம் சார் வீட்டுல சொன்னாங்க."

"பெட்டி எரியல மேடம். இதோட மாட்டியிருந்த ஆம்ப்தான் எரிஞ்சது. அவர் எரிக்கல. இணைப்பத் தப்பாக் குடுத்தது நான்."

பெட்டியைத் தூக்க வந்த டிரைவரைக் கையமர்த்தினார்.

"இதையும் நீங்கதான் மாட்டுனீங்களா சார்?"

"ஆமாம்."

"பிள்ளைங்க வாசிக்கிறது... இப்பச் சரியா இருக்குமா?"

மீட்டரை எடுத்து வந்து துளையில் வைத்துக் காட்டினேன். 6.5. ஏன் எட்டு காட்டவில்லை என்று கேட்டார். விளக்கினேன். தலையசைத்தார். பிறகு,

"இன்னொரு தடவ வச்சுக் காட்டுறீங்களா சார்?"

வைத்துக் காட்டினேன்.