பீரோவில் பூட்டிய அட்டை

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். "அந்த நாட்டுக்காரங்களே உங்களை வேண்டாங்கறாங்க. பேசாம திரும்பி வந்து அம்மாவைப் பாத்துக்கோ" என்றாய். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவை நினைக்காத நாள் எனக்கு இல்லை. ஆனால் இந்த வருஷம் கிளம்பினால் என் வேலை அனுமதி போய்விடும். பதினோரு வருஷ உழைப்பும் அதோடு சேர்ந்து போய்விடும்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்வதை நம்பாதே. எங்கள் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் வெளிநாட்டுக்காரர்கள். போன வாரம் ஓர் அரசியல்வாதி டிவியில், "வெளியாட்கள் இல்லாமலே இந்த நாடு ஓடும்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் அவருடைய அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பெரியவர் முகமெல்லாம் நுரையோடு, "அவன் கத்துறான்னு நீ கன்னத்தை வெட்டிடாதேம்மா" என்றார்.

இங்கே பிறக்கிற பிள்ளைகள் குறைவு, வயதானவர்கள் அதிகம். சாலை போட, பழம் பறிக்க, ஆஸ்பத்திரித் துணி துவைக்க, எல்லாவற்றுக்கும் எங்களைப் போன்றவர்கள்தான். நாங்கள் ஒரு வாரம் படுத்துக்கொண்டால் இவர்கள் வண்டி நடுரோட்டில் நிற்கும். என்னை யாரும் அனுப்பப் போவதில்லை. நீ அம்மாவுக்கு ஒரு நல்ல ஆளாகப் பார்த்து வை. அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்.

உன் வாயாடித் தங்கை

மார்ச் 1

வாயாடிக்கு அண்ணன் எழுதுவது,

ஒரு நாட்டையே நீ தாங்கிப் பிடித்திருப்பதாக அறிந்தேன். தோள் வலிக்கப் போகிறது, பார்த்துக்கொள்.

ஆள் கிடைத்துவிட்டது. உள்ளூரில் பத்துப் பேரிடம் கேட்டேன். "படுத்த படுக்கையா இருக்கறவங்களைக் குளிப்பாட்டறதா? வேற ஆளைப் பாருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கடைசியில் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு பெண் ஒப்புக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். நம் பேச்சு பாதிதான் வருகிறது. ஆனால் வேலை சுத்தம். போர்வையை நாலாக மடித்து அம்மாவுக்கு அடியில் கொடுத்து, பூப்போலப் புரட்டிப் படுக்க வைக்கிறாள். முதுகுப் புண் ஆறிவிட்டது. நானும் நிம்மதியாக மோட்டார் பட்டறைக்குப் போகிறேன், அண்ணியும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள்.

அடுத்த தெருவில் இப்படி வேலைக்கு வைத்த பெண் சொல்லாமல் ஓடிவிட்டாளாம். அதனால் நான் உஷாராக, முதல் நாளே இவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அது இல்லாமல் எங்கே ஓடுவாள்? எப்படி உன் அண்ணன் மூளை?

அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்த கையோடு இதை எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இங்கே வந்த முதல் பதினான்கு மாதம் என் பாஸ்போர்ட் மேலாளராக இருந்தவளின் மேசை டிராயரில் இருந்தது. ஒருமுறை கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக அதைக் கேட்டேன். "எதுக்கு, ஓடறதுக்கா?" என்றாள். தரவில்லை. நான் உங்களுக்கு 'நல்லா இருக்கேன்' என்று எழுதினேன்.

நாங்கள் இல்லாமல் இவர்களுக்கு ஆகாது என்று போன கடிதத்தில் மார்தட்டினேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தேவை இருந்தால் மரியாதையும் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது என் முட்டாள்தனம். வேண்டாத பொருளை யாராவது பூட்டி வைப்பார்களா அண்ணா? வேண்டும் என்பதால்தான் பூட்டுகிறார்கள். இது பணக்கார நாட்டின் புத்தி என்று இருந்தேன். நம் வீட்டுப் பீரோவிலும் அதுதான் இருக்கிறது.

இன்றே அட்டையை அவள் கையில் கொடு. அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். போகட்டும். போக முடிந்தும் இருக்கிறாள் என்றால்தான் அதற்குப் பெயர் வேலை. கொடுக்கும்வரை எனக்கு எழுதாதே, எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

தங்கை

ஏப்ரல் 22

அண்ணா,

எழுதாதே என்றேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறாய். போன் செய்தாலும் எடுப்பதில்லை. நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப வாங்கவில்லை. ஆனால் அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதக் கூடாதா? பெரியவருக்குச் சாப்பாடு ஊட்டும்போதும் அம்மா நினைப்புதான்.

தங்கை

மே 5

என் தங்கைக்கு,

அட்டையைக் கொடுத்தது நல்ல மனதோடு இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உன் மேல் இருந்த கோபத்தில், "இந்தா, போறதுன்னா போ" என்று நீட்டினேன். எங்கே போய்விடுவாள் என்ற திமிர். அவள் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

ஐம்பது கிலோ மோட்டாரைத் தூக்குகிறவனுக்கு அம்மா ஒரு கனமா என்று நினைத்தேன். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. புரட்டும்போது இழுத்துவிட்டேன். தோள் வீங்கி, அம்மா அலறிவிட்டாள். நான் பட்டறையில் போய் உட்கார்ந்து அழுதேன். உன் போனை எடுக்க முகம் ஏது? டாக்டர் தோளைப் பார்த்துவிட்டு, "முன்னாடி பாத்துக்கிட்ட பொண்ணு எங்க சார்?" என்று கேட்டார்.

விசாரித்துக்கொண்டு போனேன். நூல் மில்லுக்குப் பின்னால் ஒரே அறையில் அவளையும் சேர்த்து ஏழு பெண்கள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் வாசலிலேயே நிற்க வைத்தாள். பிறகு வந்து, "வாரம் ஒரு நாள் லீவு. என் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அட்டை என்கிட்டதான். அம்மாவுக்காக வரேன், உங்களுக்காக இல்ல" என்றாள். அன்றைக்கு அவள் பேச்சு ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

தாழ்ப்பாளை நானே வாங்கி வந்து அடித்தேன். திங்கள்கிழமை காலையில் வந்தாள். அவளைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் அவ்வளவு சிரிப்பு. தோள் வீக்கமும் வடிந்துவிட்டது. கவலைப்படாதே.

அந்த வாசலில் நின்றபோது ஏழு பாய்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன். நீயும் இப்படி ஓர் அறையில்தான் படுத்திருப்பாய். பதினான்கு மாதத்தை நாலு வரியில் எழுதி முடித்துவிட்டாய். நீ 'நல்லா இருக்கேன்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அது வசதியாக இருந்தது. அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். எத்தனை பக்கமானாலும் எழுது. முதலில் இதைச் சொல். அந்தக் காய்ச்சலில் உனக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள்?

அண்ணன்